பின்பக்கம் இல்லாத சந்தை

மே 19

போதும். இருபது வருடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது.

இன்று தபாலில் சென்னையிலிருந்து ஒரு கட்டடக்கலை மாத இதழ் வந்தது. எங்கள் நிறுவனத்தைப் பற்றி நான்கு பக்கம். முதல் படத்தில் நிறுவனத் தலைவன் ஞானதுரை ஏதோ ஒரு மைதானத்தில் கையில் விளக்குமாற்றோடு நின்று சிரிக்கிறான். 'திருநெல்வேலியில் இயங்கும் பொருநை வடிவகம் பொதுக் கட்டடங்களை மக்களோடு சேர்ந்து வரைகிறது. ஞானதுரையும் அவரது குழுவினரும்...' என்று போகிறது கட்டுரை. குழுவினர்! அது நான்தான். கல்லூரியில் தங்கப்பதக்கம் வாங்கியவன் நான், டெல்லியில் நகரமைப்பு படித்தவன் நான், கட்டமைப்புப் பாடத்தில் இரண்டு தடவை தோற்ற ஞானதுரைக்கு விடிய விடிய சொல்லிக் கொடுத்துத் தேற வைத்தவனும் நான். இப்போது நான் 'குழுவினர்.'

எங்கள் அலுவலகத்தின் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். எதிர்காலத்தில் எவரேனும் விசாரித்தால் தெளிவாக இருக்கட்டும். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, எந்தப் பொதுக் கட்டடம் என்றாலும், படத்தை முடிப்பதற்கு முன்னால் அதை உண்மையான அளவில் ஒரு வெட்டவெளியில் சுண்ணாம்புத்தூளால் போடுவோம். அதற்குக் கோட்டு நாள் என்று பெயர். அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் வந்து கோடுகளுக்குள் நடப்பார்கள், உட்காருவார்கள், சண்டை போடுவார்கள். யாருக்காவது ஒரு கோடு பிடிக்கவில்லை என்றால் அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட வேண்டும். அவரே அழிக்கலாம். நாங்கள் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. 'வரைந்து பார்ப்போம்' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். கடைசி விதிதான் என் நெஞ்சில் முள். எந்தப் படத்திலும், எந்தக் கட்டடத்திலும் வரைந்தவர் பெயர் இருக்காது. பதினொரு கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்றில்கூட நான் இல்லை.

ஆகவே இந்த நாட்குறிப்பு. அடுத்த வேலை தொடங்குவதிலிருந்து முடிவது வரை நடப்பதை நடந்தபடி எழுதி, அதே இதழுக்கு அனுப்பப் போகிறேன். உறை வாங்கிவிட்டேன். அனுப்புநர் பகுதியில் முழுப் பெயர், பட்டங்கள், பதக்கம், வீட்டு முகவரி எல்லாம் எழுதியாயிற்று. மொட்டைக் கடிதம் போடுகிற ஆள் நான் இல்லை.

அடுத்த வேலை செங்கானூர் நகராட்சியின் புதிய தினசரிச் சந்தை. பொறுப்பு எங்கள் அலுவலகத்து ஹஸீனாவுக்கு. மேலப்பாளையத்துப் பெண், முப்பத்து நான்கு வயது. எனக்கு ஐம்பத்து இரண்டு. ஆனால் மாலையில் ஞானதுரை என் மேசைக்கு வந்து, "வே, உன் பெருங்கூடத்தையே போட்டுப் பாப்பமா?" என்றான். கல்லூரியில் எனக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்த அதே சந்தைக்கூடம். வளைந்த கூரை, நடுவில் தூணே இல்லாத அகண்ட தரை, பேருந்துச் சாலையைப் பார்த்த ஒற்றைப் பெருவாசல். முப்பது வருடமாகப் பேழைக்குள் கிடக்கிறது.

அவன் எதற்காகக் கேட்டான் என்று தெரியாது. எதுவோ இருக்கும். ஆனால் கூடம் தரையில் இறங்கப்போகிறது! சாப்பாடு இறங்கவில்லை.

மே 21

சுண்ணாம்புத்தூள், கயிறு, முளைக்குச்சி வாங்கினேன். மிக்ஸி பழுது பார்க்கக் கொடுத்தேன். பெருவாசலின் அகலத்தை ஒரு மீட்டர் கூட்டினேன்.

மே 24

செங்கானூர் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி மைதானம். கோடை விடுமுறை. நாள் முழுக்க நானே குனிந்து கோடு போட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் சாயங்கால வெயிலில் பள்ளி மாடியில் ஏறிப் பார்த்தபோது என் கூடம் அப்படியே மண்ணில் வெள்ளையாகக் கிடந்தது. இருபத்திரண்டு வயதில் வெறும் அட்டையில் பார்த்தது. மாடியில் ஆள் இல்லாததால் ஒரு தடவை கை தட்டிக்கொண்டேன்.

ஒரு சிறு விஷயம். உடற்பயிற்சி டீச்சர் மதியம் வந்து, "சார், நடுவுல பழைய கோகோ கட்டம் இருக்கு. போன மாசம் மேட்ச்சுக்குப் போட்டது. அழிச்சிட்டுப் போடுங்க" என்றார். நீளமான நடுக்கோடு, அதன் மேல் வரிசையாக எட்டுச் சின்னக் கட்டங்கள், குறுக்கே கோடுகள். எல்லாமே என் கூடத்தின் வெறும் தரைக்குள் அடங்கிவிட்டன. அங்கே சுவரும் கிடையாது, தூணும் கிடையாது. வெறும் இடம். அங்கே கிடக்கும் கோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? என் வாசலைத்தான் பார்ப்பார்கள். விட்டுவிட்டேன்.

மே 25

எங்கிருந்து தொடங்குவது!

காலையிலேயே சந்தையே கிளம்பி வந்துவிட்டது. காய்கறிக்காரர்கள், பூக்காரிகள், மீன்காரிகள், வாழைக்காய் மண்டி, இலைக்கட்டு, எல்லாம். ஞானதுரையின் இன்னொரு விதி, கோட்டு நாளில் நிஜமாகவே வியாபாரம் நடக்க வேண்டும். ஆகவே கூடைகளோடு வந்திருந்தார்கள்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் சங்கரபாகம் வாழைத்தார் மண்டிக்காரர். வெள்ளைச் சட்டை, குரல் மட்டும் மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும். நேராக என் பெருவாசலுக்கு வந்து நின்றார்.

"ஆகா! பிரமாதம் சார். வாசலுக்கு இந்தப் பக்கம் நம்ம மண்டி, அந்தப் பக்கம் காய்கறி. மீனெல்லாம் பின்னால, வாய்க்கால் தெருப் பக்கம் போயிரட்டும்."

மீன்காரி ரோணிக்கம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "ஏன், நாங்க மட்டும் எதுக்குப் பின்னால போவணும்? எங்க ஆத்தா காலத்துலருந்து பின்னாலதான் கெடக்கோம். பஸ்ஸுல வாரவன் உம்ம வாழப்பழத்தப் பாத்துட்டு அப்படியே போயிருதான்."

"மீனு நாறும்லா தாயி."

"உம்ம சட்டையில இருக்க அத்தரு நாறல? அதுக்கு யாராவது உம்மப் பின்னால போவச் சொன்னாவளா?"

கூட்டம் சிரித்தது. இந்தச் சண்டைதான் இந்த ஊர்ச் சந்தையில் ஐம்பது வருடமாக நடக்கிறதாம். கிழக்கே பேருந்துச் சாலை, மேற்கே வாய்க்கால் தெரு. சாலையைப் பார்த்தவன் பிழைத்தான், வாய்க்காலைப் பார்த்தவன் நொந்தான். பழைய சந்தையை இடித்ததில் பாதிப் பேருக்குச் சந்தோஷமே அதனால்தானாம்.

ஹஸீனா விளக்குமாற்றை எடுத்து ரோணிக்கத்திடம் நீட்டினாள். ரோணிக்கம் அதை வாங்கி, வாசலின் ஒரு பக்கத்தை அழித்தாள். சங்கரபாகம் அதைப் பிடுங்கி வேறு ஒரு பக்கத்தை அழித்தார். என் பெருவாசல் நாலு நிமிடத்தில் போயிற்று. முப்பது வருடம் காத்திருந்த வாசல்!

பிறகுதான் அது நடந்தது. ரோணிக்கம் விளக்குமாற்றை அவரிடமே விட்டுவிட்டு மைதானத்தின் நடுவுக்குப் போனாள். கோகோ கட்டம் ஒன்றில் கூடையை வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டத்தில் ஒரு பூக்காரி போய் உட்கார்ந்தாள். அவள் மேற்கே பார்த்து. அடுத்தவள் மறுபடி கிழக்கே. ஒருத்தி பின்னால் போய் இன்னொருத்தியின் முதுகில் தட்டினாள். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கு இந்தச் சிரிப்பு என்று புரியவில்லை. வெயிலில் சிலருக்கு அப்படி ஆகும்.

சங்கரபாகம் ஹஸீனாவிடம், "இதென்னம்மா எட்டுக் கட்டம்?" என்றார்.

"ஒங்களுக்கு என்னன்னு தோணுது அண்ணாச்சி?"

"தூணு மாதிரி இருக்கு."

"அப்ப தூணுன்னே வச்சுக்கிடுவோம்."

இவளுக்குக் கோகோ கட்டம்கூடத் தெரியவில்லை! மேற்பார்வைக்கு வந்தவள்! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மற்றவர்கள் எட்டுக் கட்டங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கடை போட்டுவிட்டார்கள். வாங்க வந்தவர்கள் குறுக்குக் கோடுகளின் வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் சங்கரபாகமே வாழைத்தாரை நாலாவது கட்டத்தில் சாய்த்துவிட்டு, "இது தோதாத்தான் இருக்கு. இந்தக் கட்டத்த யாரும் அழிக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று கத்தினார்.

ஞானதுரை என்னைப் பார்த்தான். "என்ன வே சொல்லுத?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "வரைந்து பார்ப்போம்."

மே 26

இதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்! மக்கள் பங்கேற்பு, மக்கள் ஞானம் என்று நான்கு பக்கம் எழுதினார்களே, அந்த மக்கள் தேர்ந்தெடுத்தது ஒரு கோகோ மைதானத்தை! அதுவும் அது என்னவென்றே தெரியாமல்! பொறுப்பில் இருப்பவளுக்கும் தெரியாது, நிறுவனத் தலைவனுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்.

உறைக்குள் போக வேண்டிய முதல் தாள் எழுதிவிட்டேன். நல்ல நடை. இடையிடையே சிரித்துக்கொண்டே எழுதினேன். என் மனைவி உலகம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன, ஒரே குஷியா இருக்கீய?" என்றாள். நியாயமான கோபம் என்று சொன்னேன்.

மே 30

மிக்ஸி வந்தது. மூடி மாறிப் போய் வந்திருக்கிறது.

என்னையே இந்தக் கட்டத்தை வரையச் சொல்லிவிட்டான் ஞானதுரை. அலட்சியம்தான். ஹஸீனா என் மேசையில் ஒரு தாளை வைத்து, "சார், கூரை மட்டும் யோசிச்சுப் பாருங்க. ஒங்களுக்குத்தான் வரும்" என்றாள். முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் சரியாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. எட்டுக் கட்டம், எட்டுத் தூண், மேலே ஒரு தகரக் கூரை என்றால் அது மாட்டுக்கொட்டகை. அப்படியே வரைந்து கொடுத்துவிடலாம். அவர்கள் கேட்டது அதுதானே. ஆனால் கை போகவில்லை. கெட்ட பழக்கம்.

ஜூன் 3

பிடித்துவிட்டேன்!

நேற்று மாலை மேல்காற்று எழும்பிற்று. இந்த மாதத்தில் எங்கள் பக்கம் காற்று மேற்கிலிருந்துதான் வரும். இன்று காலை தனியாகச் செங்கானூர் போனேன். பஸ்ஸில்தான். யாருக்கும் சொல்லவில்லை. மைதானத்தில் கோடுகள் பாதி கலைந்திருந்தன, கட்டங்கள் மட்டும் தெரிந்தன. மீன் கூடை இருந்த முதல் கட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பத்து இரண்டு வயதில் மைதானத்துக்கு நடுவில் சம்மணம் போட்டு! வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று வாய்க்கால் பக்கமிருந்து வந்து, கட்டத்துக்குக் கட்டம் இடையில் புகுந்து, என்னைத் தாண்டிச் சாலைப் பக்கம் போயிற்று. அடைக்கச் சுவரே இல்லை. மீன் வாடை எங்கே தங்கும்? தங்காது!

அடுத்த கட்டத்தில் மாறி உட்கார்ந்தேன். மேற்கே பார்த்து. அப்போதுதான் உறைத்தது. ஒன்று விட்டு ஒன்று. கிழக்கே ஒருத்தி, மேற்கே ஒருத்தி. உட்காருபவள் தூணில் சாய்ந்துகொள்வாள். அவள் முதுகுக்குப் பின்னால் தூண், தூணுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயும் கடந்து போக வழியும். சாலையிலிருந்து பார்த்தால் ஒரு கடை, ஒரு வழி, ஒரு கடை, ஒரு வழி. வாய்க்கால் தெருவிலிருந்து பார்த்தாலும் அதேதான். இரண்டு தெருவுக்கும் முகம்! பின்வரிசை என்று ஒன்றே இல்லை! ஐம்பது வருடச் சண்டை பின்பக்கத்தைப் பற்றித்தான். பின்பக்கத்தையே எடுத்துவிட்டால்?

கூரை: நடுவில் தாழ்ந்து இரண்டு பக்கமும் இறக்கை போல உயர வேண்டும். மழைநீர் நடுவுக்கு வந்து, தூண்களுக்குள் இறங்கி, கீழே தொட்டிக்குப் போகும். மீன் கழுவ அதே தண்ணீர்.

என் கூடத்தில் இது இல்லை. அதில் ஒரே வாசல், மீதி எல்லாம் பின்பக்கம். அதைப் பற்றி இப்போது எழுத நேரமில்லை.

ஜூன் 4

எட்டுத் தூண். எட்டே எட்டு!

ஜூன் 9

நாலு நாளாக வீட்டிலேயே மாடல் செய்தேன். உலகம்மாளின் கோலமாவு டப்பா காலி. "ஆபீஸ் வேலைய ஆபீஸ்ல செய்யக் கூடாதா? சாப்பாட்டு மேசைய என்னைக்குத் தருவீய?" என்று கேட்டாள். பிறகு அவளே உட்கார்ந்து தீக்குச்சியில் கடைகளை ஒட்டினாள். வங்கியில் மேலாளர், ஆனால் என்னைவிட நேராக ஒட்டுகிறாள்.

இன்று அலுவலகத்தில் வைத்தேன். ஞானதுரை கீழே மண்டியிட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு வைத்து இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். எழுந்து ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரம் போய் நின்றான். அவன் சுபாவம் அப்படி, நல்லதைப் பார்த்தால் பேச்சு வராது. எனக்குத் தெரியும், முப்பது வருடமாகத் தெரியும்.

ஹஸீனா ஒவ்வொரு தூணையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "முதல் ஆளு கெழக்க. ரெண்டாம் ஆளு மேக்க. கடைசி ஆளு மேக்கதான் வரும், இல்லையா சார்?"

"ஆமாம். எட்டாவது மேற்கு."

"சரியா வந்திருக்கு" என்றாள். எதற்குச் சரி என்று சொல்லவில்லை.

பிறகு ஞானதுரை திரும்பினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வே, நகர்மன்றத் தலைவி போன் பண்ணினாவ. பதினேழாம் தேதி கூட்டம். மூணு மாடி வணிக வளாகம் ஒண்ணு இன்னொரு பக்கம் போட்டிக்கு நிக்கி. எது ஜெயிச்சாலும் வாசல்ல கல்லு வைப்பாவளாம், வடிவமைச்சவரு பேரு போட்டு. அது அவிய விதி, நம்ம விதி செல்லாதுன்னுட்டாவ. உன் பேரத்தான் குடுக்கப்போறேன்."

"ஏன்?"

"ஏன்னா? வரஞ்சது நீதான."

நான் தேநீர் குடிக்க வெளியே போய்விட்டேன். இரண்டு தேநீர் குடித்தேன். கல்லில் என் பெயர். பொறித்த எழுத்து, கறுப்புக் கல். பன்னிரண்டாவது கட்டடத்தில்!

ஜூன் 13

உறை பையிலேயே இருக்கிறது. இப்போது அனுப்பினால் இதழ் அச்சாகும் முன்பே செய்தி ஊருக்குள் வந்துவிடும். 'கோகோ மைதானத்தைச் சந்தை என்று காட்டுகிறார்கள்' என்று மூன்று மாடிக்காரர்கள் தண்டோரா போடுவார்கள். தூண், கூரை, காற்று எல்லாம் போகும். ரோணிக்கம் மூன்றாவது மாடியில் ஷட்டர் கடைக்கு ஏறி இறங்குவாள்.

உண்மைகளைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் அனுப்புவதைக் கூட்டம் முடியும்வரை தள்ளிவைத்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். கல்லில் என் பெயர் வந்தால், இந்த நாட்குறிப்பை என் பெயரில் எப்படி அனுப்புவது? 'இந்தச் சந்தையை நான் வடிவமைத்தேன். இது ஒரு கோகோ மைதானம்' என்றா?

ஜூன் 17

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நகராட்சி அலுவலகக் கூட்ட அறை. கவுன்சிலர்கள் ஒரு பக்கம், சந்தைக்காரர்கள் மறு பக்கம். ஜன்னலுக்கு வெளியே இன்னும் கூட்டம். நகர்மன்றத் தலைவி சண்முகவடிவு ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுபவர். முதலில் மூன்று மாடி வளாகக்காரர்கள் வண்ணப்படம் காட்டினார்கள். அதில் கார்கள் இருந்தன, மீன் இல்லை.

பிறகு ஹஸீனா எங்கள் மாடலை வைத்தாள். நான் விளக்கினேன். காற்று, தண்ணீர், இரண்டு முகம். நன்றாகத்தான் பேசினேன். சங்கரபாகம் எழுந்து, "இந்தக் கட்டம் யோசன நான் சொன்னதுதாம்மா, தூணுன்னு முதல்ல சொன்னது நாந்தான். வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றார்.

தலைவி கண்ணாடியை இறக்கி மாடலைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரொம்பப் புதுசா இருக்கு சார். கல்லுல ஒங்க பேருன்னு ஞானதுரை சார் எழுதிக் குடுத்திருக்காரு. இந்த எட்டுக் கட்டம் ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். 'மக்களோடு பேசித் தெரிந்துகொண்டோம்' என்று ஞானதுரை சொல்வானே, அதே வரி போதும். கல் என்னுடையது. எதிரே மூன்று மாடிக்காரர்கள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும், சந்தையும் சேர்த்து.

ஆனால் நான் வாழ்நாளில் ஒருவன் யோசனையை என் பெயரில் போட்டதில்லை. தங்கப்பதக்கம் வாங்கியவன் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டக்கோட்டைத் திருடிப் பிழைத்தான் என்று இருக்கக் கூடாது. அந்த ஒரு திமிர்தான் எனக்கு மிச்சம். அதுவே வாயைத் திறந்துவிட்டது.

"எனக்குத் தோன்றவில்லை அம்மா. அது கோகோ கட்டம். மைதானத்தில் ஏற்கெனவே கிடந்தது. நான் அழிக்காமல் விட்டுவிட்டேன். இவர்கள் அதைத் தூண் என்று நினைத்துவிட்டார்கள்."

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது ரோணிக்கத்தின் குரல் கேட்டது. "இத இப்பத்தான் கண்டுபிடிச்சீயளா சார்?"

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. பூக்காரிகள், மீன்காரிகள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள், எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ரோணிக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"நாங்கல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துலதான சார் படிச்சோம். கோகோ கட்டத்தப் பாத்தா தெரியாதா? சும்மா வெளாட்டுக்குத்தான் போயி உக்காந்தோம், சங்கரபாகம் அண்ணாச்சிய ஏய்க்கதுக்கு. உக்காந்த பெறவு பாத்தா, ஏ, யாவாரம் நல்லா ஓடுது. பெறவு எதுக்கு எந்திக்க?"

சங்கரபாகம் வாய் பிளந்து நின்றார். "கோகோவா? ஏ ரோணிக்கம், அது தூணு இல்லையா?"

"தூணுதான் அண்ணாச்சி. இப்பத் தூணு ஆயிட்டுல்லா."

மூன்று மாடிக்காரர்களில் ஒருவர் எழுந்து, "அம்மா, இது ஒரு விளையாட்டுக் காரியமா..." என்று ஆரம்பித்தார். தலைவி கையைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு மாடலின் ஒரு தூண் மேல் விரலை வைத்தார்.

"அஞ்சாவது கட்டம். கெழக்கப் பாத்து. மூணு வருசம் இதுல நாந்தான் உக்காந்தேன். மாவட்டத்துல ஜெயிச்ச டீமு. ஏட்டி ரோணிக்கம், நீ முதல் கட்டம்லா?"

"பின்ன? நீ எங்க முதுகுல அடிச்ச அடி இன்னும் வலிக்கி!"

தலைவி ஓட்டுக்கு விட்டார். கவுன்சிலர்களின் கைகள் உயர்ந்தன. பாதிக்கும் மேல். எண்ணி முடிப்பதற்குள் சந்தைக்காரர்கள் கத்திய கத்தலில் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது. நானும் கத்தினேன் என்று ஹஸீனா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

கல்லைப் பற்றிக் கேட்டார் தலைவி. "அப்ப யாரு பேரு சார் போட?" சங்கரபாகம் கை தூக்கினார். பூக்காரிகள், கட்டத்தில் உட்கார்ந்த எட்டுப் பேரின் பெயரையும் ஒருசேரச் சொன்னார்கள். யாரோ உடற்பயிற்சி டீச்சரைச் சொன்னார்கள். ஞானதுரை என்னைக் காட்டிக்கொண்டே நின்றான்.

"யார் பெயரும் வேண்டாம்" என்றேன் நான். என் குரல்தான்.

"அப்ப அந்தக் கல்ல எனக்குத் தாங்க. மீனு வெட்ட ஆகும்" என்றாள் ரோணிக்கம்.

தலைவி அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நிஜமாகவே.

ஜூன் 18

நேற்று திரும்பும்போது காரை ஹஸீனா ஓட்டினாள். பின்சீட்டில் ஞானதுரை குறட்டை.

"நீயும் அந்தப் பள்ளிக்கூடமா?" என்றேன்.

"இல்ல சார். எங்க பள்ளிக்கூடம் வேற. செங்கானூர்க்கிட்ட செமி ஃபைனல்ல தோத்தோம்." சிரித்தாள். "ஆனா கட்டம் எல்லா எடத்துலயும் ஒண்ணுதான."

"அப்படியானால் அன்றே தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க 'வரைந்து பார்ப்போம்'னுட்டீங்க. இத்தன வருசத்துல ஒங்க வாயில அத நான் கேட்டதே இல்ல. பெறவு எதுக்குக் கெடுக்க?"

சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணில் காற்று பட்டது.

சில விஷயங்களைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். ஞானதுரையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அவனுக்கு இன்றைக்கும் உத்திரத்தின் வளைவைக் கணக்குப் போடத் தெரியாது. கல் விஷயத்தில் அவன் என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தது தவறு. 'வே' என்று அலுவலகத்தில் கூப்பிடுவதும் தவறு. பெருங்கூடத்தை ஒரு நாள் வேறு ஊரில் கட்டியே தீருவேன், வாசலை மட்டும் மாற்றிக்கொண்டு.

முதல் தாளை, மே 26 அன்று எழுதியதை, இன்று படித்தேன். நல்ல நடைதான். உண்மை இல்லை. கிழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு வரும்.

அந்த இதழ்க்காரர்கள் எங்கள் முறையைப் பற்றி எழுதியதில் படங்களும் நான்கு பக்கமும் இருந்தன, நடந்தது மட்டும் இல்லை. அதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். உறையை எடுத்தேன். அனுப்புநர் பகுதியில் என் பெயர், பட்டங்கள், பதக்கம், முகவரி. உலகம்மாள் தோளுக்கு மேல் பார்த்து, "இவ்வளவும் எழுதுனா ஸ்டாம்ப் ஒட்ட எடமிருக்காதே" என்றாள்.

"வேற உறை இருக்கா?"

இருந்தது. நாட்குறிப்பை முழுதாக உள்ளே வைத்து, பெறுநர் முகவரி மட்டும் எழுதினேன். இடது மூலையை வெறுமையாக விட்டிருக்கிறேன். நாளைக் காலை செங்கானூரில் சந்தை இடத்திலேயே முதல் அளவுக் கோடு போட வேண்டும், எட்டுக் கட்டத்தையும் நான்தான் போடுகிறேன். போகும் வழியில் தபால் பெட்டி இருக்கிறது. பெயர் போடாமலே போட்டுவிடுவேன்.